சிறார் வழக்கில் ஆளுமைச் சோதனை செய்வது எப்படி

நீதிமன்றத்திலிருந்தோ சிறார் இல்லத்திலிருந்தோ உளவியலாளருக்கு வரும் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: "இந்தச் சிறுவனின் ஆளுமையை மதிப்பிட்டு அறிக்கை தரவும்." இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்த கையோடு அலமாரியைத் திறந்து வினாப்புத்தகத்தை எடுத்துவிடுகிறார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். முதலில் எடுக்க வேண்டியது போன். அனுப்பியவரைக் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேளுங்கள். பாதி நேரம் பதில் ஆளுமையைப் பற்றியதாகவே இருக்காது. ராத்திரியெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான், ஏதாவது செய்துகொள்வானோ என்று பயமாக இருக்கிறது என்பார் ஒருவர். வீட்டுக்கு அனுப்பலாமா, இல்லத்திலேயே வைத்திருக்கலாமா என்பார் இன்னொருவர். இதை இவன்தான் செய்தானா என்று உங்கள் டெஸ்டில் தெரிந்துவிடுமா என்று கேட்பவர்களும் உண்டு.

மூன்றாவது கேள்விக்குப் பதில் ஒன்றுதான்: தெரியாது. ஒருவன் ஒரு காரியத்தைச் செய்தானா இல்லையா என்று சொல்லும் ஆளுமைச் சோதனை உலகத்தில் எங்கேயும் கிடையாது, அதை எழுத்திலேயே பதிலாக அனுப்பிவிடுங்கள். முதல் கேள்விக்கு ஆளுமைச் சோதனைக்காகக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே நேரில் போய்ப் பேச வேண்டும். இரண்டாவது கேள்விக்குச் சோதனை கொஞ்சம் உதவும், ஆனால் தனியாக உதவாது. மறுபடியும் குற்றம் செய்வானா என்பதை மதிப்பிட வேறு கருவிகள் இருக்கின்றன. சாவ்ரி என்பது அதில் ஒன்று, 24 ஆபத்துக் காரணிகளையும் 6 பாதுகாப்புக் காரணிகளையும் பேட்டியையும் கோப்பையும் வைத்து நாமே எடைபோடுவது. அந்த வேலையை ஆளுமைச் சோதனையின் தலையில் கட்டாதீர்கள். இந்தப் பையன் எப்படி யோசிக்கிறான், எதைக் கண்டு சுருங்குகிறான், கோபம் எங்கிருந்து வருகிறது, எந்த மாதிரி சிகிச்சையில் ஒட்டுவான் என்று யூகங்களை முன்வைப்பதுதான் ஆளுமைச் சோதனையின் வேலை. அந்த யூகங்களை மற்ற தகவலோடு ஒத்துப்பார்ப்பது நம் வேலை.

உட்காருவதற்கு முன்

கோப்பு, அம்மா அல்லது வளர்த்தவர், பள்ளி ஆசிரியர், இல்லத்தில் இரவுப் பணியில் இருப்பவர். இந்த நான்கையும் சோதனைக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். இரவுப் பணியாளரை யாரும் கேட்பதே இல்லை, ஆனால் அவருக்குத்தான் நிறையத் தெரியும். தலையில் அடிபட்டிருக்கிறதா, வலிப்பு உண்டா, போதைப்பொருளை நிறுத்தி எத்தனை நாள் ஆகிறது, கவனக்குறைபாட்டுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்து இங்கே வந்ததும் நின்றுபோய்விட்டதா என்பதையெல்லாம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிடிபட்டு இரண்டு நாள்கூட ஆகாத பையனிடம் முழு ஆளுமைச் சோதனையை நீட்டினால் வருவது அவனுடைய ஆளுமை இல்லை, அந்த இரண்டு நாளின் அதிர்ச்சி. வந்த உடனே பார்ப்பதற்கென்றே மேசி-2 இருக்கிறது: 12 முதல் 17 வயது வரை, ஆமாம்/இல்லை என்று 52 கேள்விகள், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அது வெறும் சல்லடை, யாரை உடனே கவனிக்க வேண்டும் என்று மட்டும் காட்டும். அதன் மதிப்பெண்ணை ஆளுமை என்று எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், யார் படிக்கப்போகிறார்கள் என்பதைப் பையனிடம் சொல்ல வேண்டும். சொல்கிறோம்தான், ஆனால் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவதோடு முடித்துக்கொள்கிறோம். நான் சொல்வது இப்படி: "தம்பி, நீ இங்க சொல்றதையும் எழுதுறதையும் வெச்சு நான் ஒரு அறிக்கை எழுதப் போறேன். அதை நீதிபதி படிப்பார், உன் வக்கீல் படிப்பார். அதனால இது நமக்குள்ள மட்டும் இருக்கிற பேச்சு இல்ல. இப்ப நான் என்ன சொன்னேன்னு உன் வார்த்தையில சொல்லு பார்க்கலாம்." ஒரு பையன் நான் சொன்னதையெல்லாம் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப என்னப் பத்தி நல்லா எழுதுங்க சார்" என்றான். புரிந்துகொண்டான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அவன் எல்லாக் கேள்விக்கும் நல்லபிள்ளையாகப் பதில் எழுதப்போகிறான் என்பதும் அந்த நொடியே தெரிந்துவிட்டது.

வழக்கு இன்னும் முடிவாகவில்லை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். இந்தச் சோதனைகளில் திருட்டு, அடிதடி, போதை பற்றி நேரடியான வாக்கியங்கள் இருக்கும். அதற்கு அவன் "ஆமாம்" என்று வட்டமிட்டால் அந்தத் தாள் அவனுக்கு எதிராகத் திரும்பலாம். அவனுடைய வக்கீலுக்குத் தெரியாமல் தொடங்கக் கூடாது, சம்பவத்தைப் பற்றி அவன் சொன்ன விவரங்களை அறிக்கையில் ஏற்றவும் கூடாது.

எந்தச் சோதனை

பெயர்கள் நிறைய இருக்கின்றன, நடைமுறையில் சுற்றிச் சுற்றி நாலைந்துதான். எம்எம்பிஐ-ஏ (மினசோட்டா ஆளுமை வினாத்தொகுப்பின் வளரிளம் பருவ வடிவம்) 1992-ல் வந்தது, 14 முதல் 18 வயதுக்கானது, 478 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு. அதன் சுருங்கிய மறுவடிவம் 2016-ல் 241 வாக்கியங்களோடு வந்தது. பிஏஐ-ஏ 12 முதல் 18 வரை, 264 வாக்கியங்கள், நாலு படிநிலையில் பதில். மில்லனின் எம்ஏசிஐ 160 வாக்கியங்கள் (இதையும் முன்னால் சொன்ன மேசி-2-ஐயும் வாயால் சொன்னால் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும், போனில் ஆர்டர் கொடுக்கும்போது எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள்). இவை தவிர, குற்றச் செயல்களில் சிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்தே உருவான ஜெஸ்னஸ் இருக்கிறது.

எனக்குக் கேட்டால், பையனால் 478 வாக்கியத்துக்கு உட்கார முடியும் என்றால் எம்எம்பிஐ-ஏ. அதில் பதில்களை நம்பலாமா என்று பார்க்கும் அளவுகோல்கள் உறுதியானவை. படிப்பு குறைவு என்றால் பிஏஐ-ஏ, நாலாம் வகுப்பு அளவுக்குப் படிக்கத் தெரிந்தாலே போதும். எம்ஏசிஐ-யை எடுப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: அதன் ஒப்பீட்டுக் கூட்டமே (யாரோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடப்படுகிறதோ அவர்கள்) ஏற்கெனவே மனநலச் சிகிச்சைக்கோ மதிப்பீட்டுக்கோ வந்த பிள்ளைகள். பெரிய சிக்கல் எதுவும் இல்லாத பையனிடம் அதைப் பயன்படுத்தினால் இல்லாத நோயையும் அது காட்டும்.

படிக்கத் தெரியுமா என்று அவனிடம் கேட்காதீர்கள். தெரியும் என்றுதான் சொல்வான். எந்தப் பதினைந்து வயதுப் பையன் தெரியாது என்பான்? நாலு வரி கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு என்ன படித்தாய் என்று கேளுங்கள். திணறினால் பதிவுசெய்த ஒலி வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்களே வாசித்துக்காட்டினால் உங்கள் குரலின் ஏற்ற இறக்கமே அவனுக்குப் பதிலைச் சொல்லிக்கொடுத்துவிடும்.

மொழி இன்னும் பெரிய சிக்கல். கையில் இருக்கும் ஆங்கில வினாத்தாளை அந்த இடத்திலேயே மொழிபெயர்த்துக் கேட்பது பரவலாக நடக்கிறது, கொஞ்சமும் சரியில்லை. நானே இட்டுக்கட்டிய ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: "எனக்குச் சட்டென்று கோபம் வருவதில்லை." பையன் "இல்ல சார்" என்கிறான். கோபம் வராது என்பதற்கு ஒத்துக்கொண்டு "இல்ல" என்கிறானா, அல்லது வாக்கியத்தையே மறுக்கிறானா? தமிழில் இரண்டுக்கும் ஒரே "இல்ல" போதும். நீங்கள் "தவறு" என்று குறித்தால் அவன் கோபக்காரன் ஆகிவிடுகிறான். இந்தச் சோதனைகளில் எதிர்மறை வாக்கியங்கள் ஒன்றிரண்டு இல்லை, வரிசையாக வரும். பத்து இடத்தில் இப்படிப் புரண்டால் முடிவுத்தாளின் மதிப்பெண் கோடு ஒரு அளவுகோலில் தானாக ஏறிவிடும். முறைப்படி மொழிபெயர்த்து, திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்த்து, அந்த மொழி பேசும் பிள்ளைகளிடம் தரப்படுத்திய வடிவம் இருந்தால் மட்டும் மதிப்பெண் போடுங்கள். இல்லையென்றால் சோதனையை விட்டுவிட்டு, நல்ல பேட்டியை இரண்டு மூன்று அமர்வாக எடுங்கள். அறிக்கையிலும் ஏன் சோதனை செய்யவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தரப்படுத்துவது என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எம்எம்பிஐ-ஏ-வின் ஒப்பீட்டுக் கூட்டம் அமெரிக்காவில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த 805 பையன்களும் 815 பெண்பிள்ளைகளும். மதிப்பெண் 70 என்றால் அவர்களோடு ஒப்பிட்டுத்தான் 70.

உட்காரவைத்த பிறகு

தனி அறை, காவலர் கண்ணில் படாத இடம், தண்ணீர், நாற்பது நிமிடத்துக்கு ஒரு இடைவேளை. சாப்பாட்டு நேரத்தை ஒட்டியோ, வீட்டார் பார்க்க வரும் நாளிலோ வைக்காதீர்கள். தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடாதீர்கள், அறையில் வேறு வேலை பார்ப்பதுபோல் இருந்துகொண்டு கவனியுங்கள். ஒரு தடவை ஒரு பையன் முதல் முப்பது வாக்கியத்துக்கு விரலை வைத்துப் படித்து, உதட்டை அசைத்து, யோசித்து யோசித்துக் குறித்தான். பிறகு விரல் நின்றுவிட்டது. பேனா மட்டும் ஒரே நெடுக்கில் சரி, சரி, சரி என்று இறங்கியது, கண் ஜன்னலில் இருந்தது. நிறுத்தி, தாளை மெதுவாக என் பக்கம் இழுத்துக்கொண்டு, வேறு ஏதோ பேசினேன். கொஞ்ச நேரம் கழித்து, அம்மாவுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வரத் தெரியுமா என்று கேட்டான். அன்றைக்கு அதற்கு மேல் சோதனை நடக்கவில்லை, மூன்று நாள் கழித்துப் புதுத் தாளில் முதலிலிருந்து செய்தோம். கணினி அந்தப் பழைய தாளை வாங்கியிருந்தால் மதிப்பெண் போட்டிருக்கும், எல்லாவற்றுக்கும் "சரி" என்று தட்டியிருக்கிறான் என்று எச்சரித்தும் இருக்கும். அம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்காது.

முதலில் பார்க்க வேண்டிய கோடு

முடிவுத்தாள் வந்ததும் எல்லாருடைய கண்ணும் எது உயரமாக இருக்கிறது என்று மருத்துவ அளவுகோல்களுக்கு ஓடும். இடப்பக்கம் இருக்கும் செல்லுபடி அளவுகோல்களை, அதாவது பதில்களை நம்பலாமா என்று காட்டுபவற்றை, முடிக்காமல் அங்கே போகாதீர்கள். எம்எம்பிஐ-ஏ-வில் 30 வாக்கியத்துக்கு மேல் விட்டிருந்தால் அந்தத் தாள் ஆகாது. முன்னுக்குப் பின் முரணாக எழுதியதை விரின் காட்டும், கண்ணை மூடிக்கொண்டு ஒரே பதிலைத் தட்டியதை ட்ரின் காட்டும். இரண்டில் எது 80-ஐத் தொட்டாலும் மேற்கொண்டு படிக்காதீர்கள்.

எஃப் என்பது மற்றவர்கள் அரிதாகவே சொல்லும் பதில்களை எண்ணும் அளவுகோல். அது உயர்ந்தால் நடிக்கிறான் என்று எழுதுவது சோம்பேறித்தனம். வாக்கியம் புரியாமல் இருந்திருக்கலாம். சலித்துப்போய்க் கிறுக்கியிருக்கலாம். நிஜமாகவே உடைந்துபோயிருக்கலாம், யாராவது என்னைக் கவனியுங்கள் என்று கத்துவதாகவும் இருக்கலாம். பைத்தியம் மாதிரி எழுதினால் விட்டுவிடுவார்கள் என்று பக்கத்துப் படுக்கைப் பையன் சொல்லிக்கொடுத்திருக்கவும் கூடும். விரின் சரியாக இருந்து எஃப் உயர்ந்திருந்தால், புரியாமல் எழுதினான் என்பதை ஓரளவு ஒதுக்கிவிடலாம். மீதியைப் பேசித்தான் பிரிக்க முடியும். எல், கே என்ற அளவுகோல்கள் உயர்ந்தால் அதற்கு நேர் எதிர்: தன்னை நல்லவனாகக் காட்டுகிறான். இந்தச் சூழ்நிலையில் யார்தான் காட்டமாட்டார்கள்? அதைக் குணக்கேடாக எழுதாதீர்கள். மற்றக் கோடுகளெல்லாம் தாழ்ந்திருப்பதை வைத்து "பிரச்சினை எதுவும் இல்லை" என்று எழுதுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

நாலாம் அளவுகோலும் மற்றவையும்

மதிப்பெண்ணின் சராசரி 50, திட்ட விலக்கம் 10. எம்எம்பிஐ-ஏ-வில் 65-க்கு மேல் போனால் உயர்வு, 60 முதல் 64 வரை உயர்வா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாத சாம்பல் பட்டை. வளரும் வயதில் கோடு கொஞ்சம் ஆடும் என்பதால்தான் அந்தப் பட்டை. எம்ஏசிஐ-யில் கணக்கே வேறு, அங்கே 75-ம் 85-ம்தான் கவனிக்க வேண்டிய இடங்கள். இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வாசகரைக் குழப்பாதீர்கள்.

சிறார் இல்லங்களில் அடிக்கடி உயர்ந்து நிற்பது எம்எம்பிஐ-ஏ-வின் நாலாம் அளவுகோல். அதன் பழைய பெயரே பயமுறுத்தும், "மனப்பிறழ்வு விலகல்" என்று. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்: குடும்பப் பூசல், அதிகாரத்தோடு மோதல், கூச்சமில்லாமை, பிறரிடமிருந்து விலகிய உணர்வு, தன்மீதே கசப்பு. இரண்டு பையன்கள், இருவருக்கும் நாலில் 70 என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் முழுக்கக் குடும்பப் பூசலிலும் தன்மீதான கசப்பிலும் ஏறியிருக்கிறான், வீட்டில் அடி வாங்கி ஓடிவந்தவன். மற்றவன் அதிகார மோதலில் ஏறியிருக்கிறான், கூச்சம் என்பதே இல்லை. முதலாமவனுக்குக் கட்டுப்பாடு மிகுந்த இடத்தைப் பரிந்துரைத்தால் அவன் இன்னொரு தடவை அடி வாங்குவதாகத்தான் உணர்வான். 70 என்ற எண்ணை மட்டும் பார்த்தவருக்கு இருவரும் ஒரே பையன்.

அதேபோல் ஆறாம் அளவுகோல், சந்தேகம். என்னைக் கண்காணிக்கிறார்கள், என்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஒத்துக்கொண்டிருப்பான். பூட்டிய கதவுக்குப் பின்னால் மூன்று வேளையும் எண்ணப்படும் பையன் அப்படிச் சொன்னால் அது பிரமை இல்லை, உண்மை நிலவரம். உயர்ந்த கோடு எதுவானாலும் அதை ஏற்றிய வாக்கியங்களை எடுத்துவைத்துக்கொண்டு, "இதுக்கு ஆமாம்னு போட்டிருக்கியே, எப்ப நடந்தது சொல்லு" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மொத்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், அறிக்கையில் உருப்படியான பாதி இங்கிருந்துதான் வரும்.

ஹாத்தவே, மொனகேசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1940-களின் கடைசியிலும் 1950-களிலும் மினசோட்டாவில் சுமார் 15,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் எம்எம்பிஐ-யின் பழைய வடிவத்தை எழுதி வாங்கி, பிற்பாடு யார் குற்றத்தில் சிக்கினார்கள் என்று தொடர்ந்து பார்த்தார்கள். 4, 8, 9-ம் அளவுகோல்கள் உயர்ந்த கூட்டத்தில் சிக்கியவர்கள் அதிகம். சரி, அது கூட்டத்தைப் பற்றிய செய்தி. எதிரே இருக்கும் ஒருவனைப் பற்றி அதை வைத்து ஆரூடம் சொல்ல முடியாது. 1993-ல் உளவியலாளர் மொஃபிட் எழுதிய கட்டுரையும் நினைவில் இருக்கட்டும்: வளரிளம் பருவத்தோடு நின்றுபோகும் குற்றப் போக்கு ஒன்று, சிறுவயதில் தொடங்கி வாழ்நாளெல்லாம் நீளும் போக்கு இன்னொன்று, முதல் வகையினரே மிகப் பெரும்பான்மை. பதினாறு வயதில் இரண்டும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும். பிரித்துக்காட்டுவது அன்றைய மதிப்பெண் இல்லை, ஏழெட்டு வயதில் அவன் எப்படி இருந்தான் என்ற வரலாறு. அம்மாவிடம் முன்கூட்டியே பேசச் சொன்னது இதற்காகவும்தான்.

18 வயதுக்குக் கீழே சமூகவிரோத ஆளுமைக் கோளாறு என்று எழுதவே கூடாது, மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம் கையேடே அதைத் தடுக்கிறது. சிறார்களுக்கு மரண தண்டனை கூடாது என்று 2005-ல் ரோப்பர் எதிர் சிம்மன்ஸ் வழக்கில் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தத் தடையைச் சுட்டிக்காட்டித்தான் பேசியது: நிபுணர்களே சொல்லத் தயங்கும் ஒன்றை ஜூரிகள் எப்படிச் சொல்ல முடியும் என்று. "சைக்கோபாத்" என்ற சொல் அதைவிட மோசம். பிசிஎல்:ஒய்வி என்று 20 அம்சங்கள் கொண்ட கருவி 12 முதல் 18 வயதுக்கு இருக்கிறது, அதன் கையேடுகூட இத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் சைக்கோபாத் என்று ஒரு கோடு கிழிக்கவில்லை. கல்நெஞ்சுபோல் தெரியும் பையன்களில் சிலர், சின்ன வயதில் பட்டதெல்லாம் பட்டு உணர்ச்சியை மூடிவைத்தவர்கள். அதை ஒரு சொல்லில் அடைத்தீர்களானால் அந்தச் சொல் அடுத்த கோப்புக்கும், அதற்கடுத்த கோப்புக்கும் அவன் கூடவே போகும்.

மைக்கறைப் படங்கள், படம் பார்த்துக் கதை சொல்வது, மனிதனை வரையச் சொல்வது. பேச்சைத் தொடங்க இவை உதவலாம். பெரிய கையாக வரைந்தான், அதனால் வன்முறையாளன் என்று எழுதினால் குறுக்கு விசாரணையில் ஒரு நிமிடம் தாங்காது, தாங்கவும் கூடாது.

எழுதும்போது

கணினி தரும் விளக்கவுரையை வெட்டி ஒட்டாதீர்கள். அதில் "விதிகளை மீறும் போக்கு, அவசர புத்தி, நெருங்கிய உறவில் நம்பிக்கையின்மை" என்று வரும் பத்தி அந்த இல்லத்தில் இருக்கும் யாருக்கும் பொருந்தும். 1948-ல் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் எல்லாருக்கும் ஒரே ஆளுமை விவரிப்பைக் கொடுத்து, உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டார். ஐந்துக்குச் சராசரியாக நாலுக்கு மேல் போட்டார்கள். நான் எழுதி முடித்ததும் பெயரை மறைத்துவிட்டுப் படிப்பேன். இது போன மாதம் பார்த்த பையனுக்கும் பொருந்துகிறதே என்று தோன்றினால் அந்தப் பத்தி போய்விடும்.

வாக்கியத்தின் அமைப்பும் கவனிக்க வேண்டியது. "இவன் ஆக்ரோஷமானவன்" என்பது தவறு. "கோபத்தை அடக்கச் சிரமப்படுவதாகச் சோதனையில் பதிலளித்திருக்கிறான், யாராவது தன்னைப் பிறர் முன்னால் கேலி செய்யும்போதே இது வெளிப்படுவதாக ஆசிரியரும் சொல்கிறார், தனியாக இருக்கும்போது இப்படி நடந்ததாகப் பதிவு இல்லை" என்பது பரவாயில்லை. இதில் யார் சொன்னது, எப்போது நடக்கிறது, எப்போது நடப்பதில்லை என்று மூன்றும் இருக்கிறது. பரிந்துரை எழுதுகிறவருக்கு மூன்றாவதுதான் முக்கியம். அவனிடம் இருக்கும் நல்லதையும் எழுதுங்கள், ஒப்புக்கு ஒரு வரியாக இல்லை: யாரிடம் ஒட்டுகிறான், எந்த வேலையில் உட்காருகிறான் என்று. சோதனை செய்த தேதியைப் பெரிதாகப் போட்டு, ஆறு மாதம் கழித்து இதைப் பயன்படுத்துவதாக இருந்தால் மறுபடி மதிப்பிட வேண்டும் என்று எழுதிவிடுங்கள். விடைத்தாளையும் வாக்கியங்களையும் அறிக்கையோடு இணைக்க வேண்டாம்.

அனுப்புவதற்கு முன்னால் பையனிடம் போய் முக்கியமானதைச் சொல்லுங்கள், எண்கள் இல்லாமல். "நான் கெட்டவன்னு அதுல வந்திருக்கா?" என்று அனேகமாக எல்லாருமே கேட்பார்கள். அப்படி ஒரு அளவுகோலே அதில் இல்லை என்று நான் சொல்வேன், அது உண்மையும்கூட. பிறகு எழுதியதை ஒவ்வொன்றாகச் சொல்லி, சரியா என்று கேட்பேன். கேலி செய்தால்தான் கோபம் வருகிறது என்று நான் எழுதியிருந்ததற்கு ஒருவன் தலையை ஆட்டி மறுத்தான். "கேலி பண்ணா இல்ல சார், அம்மாவப் பத்திச் சொன்னா." திரும்பி வந்து அந்த வரியை மாற்றினேன்.